நோவுக்கும் ஒரு சங்கம் வேண்டும்

கொங்கு நாட்டாருக்குச் சங்கம் என்பது புதிய சொல்லன்று. பால் ஊற்றுகிறவர்களுக்குச் சங்கம் உண்டு. விசைத்தறி வைத்திருப்போருக்குச் சங்கம் உண்டு. அந்தத் தறியில் கூலிக்கு ஓட்டுவோருக்கும் உண்டு. கடன் பெறுவதற்கு ஒரு சங்கம், பாசனத் தண்ணீருக்கு ஒரு சங்கம், விளைந்ததை விற்பதற்கு ஒரு சங்கம். 1972-ம் வருஷம் மின்சாரக் கட்டணப் பிரச்னை மூண்டபோது, இந்தப் பிரதேசத்து விவசாயிகள் தங்கள் கட்டை வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து கோயம்புத்தூர் வீதிகளில் நிறுத்தி, நகரத்தையே ஸ்தம்பிக்கச் செய்தார்கள். தனித்தனியே மனுப் போட்டுக்கொண்டிருந்தால் அவர்களை ஏறிட்டுப் பார்த்திருப்பார் இல்லை. ஒன்றுசேர்ந்து நின்றார்கள், தேசம் திரும்பிப் பார்த்தது.

இப்படி ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு சங்கம் கண்ட ஜனங்களிடையே, சங்கம் காணாத கஷ்டம் ஒன்று இருக்கிறது. அது வீட்டுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் ஸ்திரீகளிடம் இருக்கிறது. ஆகவே பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நம் கண்ணுக்கு அது படுவதேயில்லை. முடக்குவாதம் என்று டாக்டர்களும், சரவாங்கி என்று கிராமத்துப் பெரியவர்களும் சொல்லும் வியாதியைத்தான் குறிப்பிடுகிறோம். அந்த வியாதியஸ்தர்கள் ஒருவரையொருவர் அறிந்து, கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஒரு சங்கம் நமது ஊர்களில் தோன்றவேண்டும் என்பதும், அதற்கு வெள்ளகோவில் போன்ற ஒரு நடுத்தர ஊரே தகுந்த இடம் என்பதும் நமது அபிப்பிராயம். காரணங்களைச் சொல்லுகிறோம்.

விடியற்காலை வியாதி

வெள்ளகோவில் காங்கயத்துக்கும் கரூருக்கும் இடையே உள்ள ஊர். கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளும், மாடுகளும், விசைத்தறிக் கூடங்களும், தேங்காய் உலர்த்தும் களங்களும், முருங்கைத் தோட்டங்களுமே அந்தப் பக்கத்து ஜீவனம். இந்தத் தொழில்கள் யாவும் மனிதனுடைய கைவிரல்களை நம்பியவை. பால் கறப்பதற்கு விரல் வேண்டும். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட விரல் வேண்டும். ஓட்டிலிருந்து தேங்காய்ப் பருப்பைக் குத்தி எடுக்க மணிக்கட்டு வேண்டும். முடக்குவாதம் முதன்முதலில் கைவைப்பது இந்த விரல் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும்தான்.

இந்த வியாதியின் தன்மையைச் சற்று விளக்கமாக அறிந்துகொள்வது அவசியம். வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, மூட்டுகளின் உட்சவ்வைப் பகைவன் என்று கருதித் தாக்குவதால் விளைவது இது. சவ்வு வீங்குகிறது, கவனியாமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது, விரல்கள் கோணுகின்றன. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரியாக வருகிறது. முப்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடையே, அதாவது உழைத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய பருவத்தில், பலருக்கும் தொடங்குகிறது. புருஷர்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஸ்திரீகளை இது பீடிக்கிறது. தொற்று வியாதியன்று. மூட்டோடு நின்றுவிடுவதும் அன்று. கண், நுரையீரல், இருதயம் ஆகியவற்றையும் தொடக்கூடியது.

இதன் முக்கிய அடையாளம், காலையில் எழுந்ததும் மூட்டுகள் இறுகிக் கிடப்பது. சிறிது நேரத்தில் விட்டுப்போகும் இறுக்கமல்ல. ஒரு மணி நேரமும், அதற்கு மேலும் நீடிப்பது. பகல் ஏற ஏறக் கை சற்று இளகும்.

வெள்ளகோவிலை அடுத்த ஒரு தோட்டத்துச் சாளையில் நாற்பது வயதுக் குடும்பத் தலைவி ஒருத்தி இருப்பதாக மனத்தில் கொள்வோம். அவள் எழுந்து பால் கறந்து சொஸைட்டிக்கு அனுப்ப வேண்டிய நேரம் விடியற்காலை ஐந்து மணி. அவள் விரல் மடங்க மறுக்கும் நேரமும் அதுவே. மாடு நிற்கிறது, கன்று கத்துகிறது, பால்காரர் வண்டி போய்விடும். அவளோ கைகளை வெந்நீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பத்து மணிக்கு அவள் கை ஓரளவு வேலை செய்கிறது. அதைக் கண்ட வீட்டார் என்ன நினைக்கிறார்கள்? "காலையில் வராத வேலை இப்போது மாத்திரம் வருகிறதோ?" என்று கேட்கிறார்கள். வியாதியின் இயல்பு அவளுடைய குணக்குற்றமாகிவிடுகிறது. வீக்கம் கண்ணுக்குத் தெரியாத நாட்களில் வலியும் பொய்யாகிவிடுகிறது. "அட, அது வாய்வுங்க, நாலு நாள் போனாச் சரியாயிரும்" என்று சமாதானம் சொல்லுகிற அண்டை வீட்டார் நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் நாலு நாள் நாலு மாதமாகி, நாலு மாதம் இரண்டு வருஷமாகிறது. மூட்டுகளுக்கு நேரும் நிரந்தரச் சேதம் பலருக்கு அந்த முதல் இரண்டு வருஷங்களிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை அவர்கள் அறியார்.

தனிமை என்னும் இரண்டாம் வியாதி

மகாராஷ்டிரத்தில் பூனாவை அடுத்த பிக்வன் என்ற கிராமத்தில் 1996-ம் வருஷம் தொடங்கி வீடு வீடாகச் சென்று நடத்திய ஆராய்ச்சியில், வயது வந்தவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவர் வீதம் முடக்குவாதம் இருக்கக் கண்டார்கள். உலகத்தின் பிற பாகங்களிலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான். வெள்ளகோவில் பட்டணத்தின் ஜனத்தொகை 2011-ம் வருஷத்துக் கணக்கில் சுமார் 40,000. அந்த விகிதம் இங்கும் பொருந்துமானால், அந்த ஓர் ஊருக்குள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இந்த வியாதியுடன் வாழ்கிறார்கள் என்று கொள்ளலாம். சுற்றுக் கிராமங்களைச் சேர்த்தால் தொகை இன்னும் பெருகும். ஆனால் அந்த நூற்றுவரில் எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்: "இந்த மாதிரி எனக்கு மட்டுந்தான் வந்திருக்கிறது" என்பார்கள். ஒரே வீதியில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இரண்டு பேர், தங்கள் இருவருக்கும் ஒரே வியாதி என்பதை அறியாமலே பத்து வருஷம் வாழ்ந்துவிட முடிகிறது. இதைவிடப் பெரிய பரிதாபம் வேறென்ன?

ஏன் மறைக்கிறார்கள்? கலியாணமாகாத பெண்ணாயிருந்தால் வரன் தட்டிப்போகும் என்ற பயம். கலியாணமானவளாயிருந்தால் மாமியார் வீட்டில் குறை சொல்வார்களே என்ற பயம். மகளுக்கும் வந்துவிடும் என்று பேசுவார்களே என்ற பயம். புருஷனாயிருந்தால், "ஆம்பிளைக்கு என்ன கை நோவு?" என்ற ஏளனத்துக்குப் பயம். தறிக்கூடத்தில் வேலை போய்விடும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளுகிறது. இப்படிப் பயந்து மறைப்பதால் வியாதி குறைவதில்லை. வியாதியோடு தனிமையும் சேர்ந்து இரண்டு வியாதிகளாகின்றன.

இந்தத் தனிமையை நம்பிப் பிழைக்கிற கூட்டமும் உண்டு. "மூன்றே வேளையில் மூட்டுவலி மாயம்" என்று பொட்டலம் கட்டி விற்கும் பேர்வழிகள் சந்தைதோறும் வருகிறார்கள். அந்தச் சூரணங்களில் சில உடனே குணம் தருவது மெய். காரணம், அவற்றில் ஸ்டீராய்டு என்னும் மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதுதான். டாக்டர் கையில் அளவோடு பயன்பட்டால் அது நல்ல மருந்தே. 1948-ம் வருஷம் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்பவர் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிஸோன் கொடுத்து, படுத்தவரை எழுந்து நடக்கச் செய்தார். 1950-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றவர்களில் ஒருவரானார். ஆனால் அளவும் பெயரும் தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் ஊதும், எலும்பு பலங்குன்றும், சர்க்கரை வியாதி தலைகாட்டும். திடீரென்று நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து நேரலாம். பொட்டலம் வாங்கியவள் இதை யாரிடம் கேட்பாள்? வாங்கியதே ரகசியம், கெட்டதும் ரகசியம். ஏமாந்தவர்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடிப் பேசியிருந்தால், அந்தப் பேர்வழி அடுத்த சந்தைக்கு வந்திருக்க மாட்டான்.

மருந்து நம்மவர் தந்தது

இதற்கு நல்ல சிகிச்சை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அடியோடு வேரறுக்கும் மருந்து இன்னும் காணப்படவில்லையாயினும், காலத்தில் தொடங்கினால் வியாதியை அடக்கி, கை கோணாமல் காத்து, வேலை செய்து வாழ வைக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றுள் தலையானது மெதோட்ரெக்ஸேட். அதன் சரித்திரத்தை ஒவ்வோர் இந்தியனும் அறிந்திருத்தல் வேண்டும்.

பீமவரத்தில் 1895-ம் வருஷம் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் ஏழைப் பிள்ளை, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். மகாத்மா காந்தியின் அழைப்பை ஏற்று அவர் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவருடைய அதிருப்திக்கு ஆளானார் என்றும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் தாழ்ந்ததான எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிட்டியது என்றும் அவருடைய சரித்திரம் சொல்லுகிறது. 1922-ல் அமெரிக்கா சென்றார். பின்னாளில் அங்கே லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் அவருடைய தலைமையில் இயங்கிய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் சமைத்தார்கள். அதைத் தொடர்ந்து அதற்கு எதிரிடையான அமினோப்டெரின், மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்துகளையும் சமைத்தார்கள். அவை புற்றுநோய்க்காகத் தோன்றியவை. சுப்பாராவ் 1948-ல் காலமானார். 1951-ல் கப்னர் என்ற டாக்டர் அமினோப்டெரினை முடக்குவாதத்தில் சோதித்துப் பார்த்தார். பல வருஷ ஆராய்ச்சிக்குப் பின் 1988-ல் அமெரிக்க அரசாங்கம் மெதோட்ரெக்ஸேட்டை முடக்குவாதத்துக்கு அங்கீகரித்தது. இன்று உலகமெங்கும் இந்த வியாதிக்கு முதல் மருந்தாக வழங்குவது அதுவே. அதன் பக்க விளைவுகளைத் தணிப்பதற்காகக் கூடவே கொடுக்கும் போலிக் அமிலமும் அந்தக் குழுவினர் சமைத்ததே.

கதர் உடுத்தியதற்காகப் பட்டத்தில் குறைக்கப்பட்ட ஒருவருடைய உழைப்பு, உலகத்து நோயாளிகளின் விரல்களை நிமிர்த்தி வைத்திருக்கிறது. அவர் படித்த சென்னையிலிருந்து ஓர் இராப் பிரயாணத் தூரத்தில் உள்ள நம் ஊர்ப் பெண்ணுக்கோ அது காலத்தில் கிட்டுவதில்லை. மருந்தின் விலை அதிகம் என்பதாலா? அன்று. மற்றப் புதிய ஊசி மருந்துகளோடு ஒப்பிட்டால் இது மிகவும் மலிவு. கிட்டாததற்குக் காரணம் அறியாமை; கிட்டிய பின்பும் கைவிடுவதற்குக் காரணம் துணையின்மை.

இந்த மருந்தை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறித் தினந்தோறும் சாப்பிட்டால் உயிருக்கே அபாயம். குணம் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை செல்லும். நடுவில் ரத்தத்தையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் உட்கொள்ளலாகாது. குடிப்பழக்கம் கூடாது. இத்தனையும் ஒரு சீட்டில் எழுதித் தருவதற்கு டாக்டருக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். வீட்டுக்கு வந்ததும் சந்தேகங்கள் கிளம்புகின்றன. "ஒரு மாதம் ஆயிற்று, ஒன்றும் தெரியவில்லையே, விட்டுவிடலாமா?" "புற்றுநோய் மருந்தாமே, எனக்குப் புற்றுநோயா?" "வாய் புண்ணாகிறதே, யாரிடம் சொல்வது?" இவற்றைக் கேட்க ஒரு மனுஷர் வேண்டும். "எனக்கும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தது, விடாதே, வாய்ப்புண்ணை மாத்திரம் டாக்டரிடம் உடனே சொல்லு" என்று சொல்லும் உரிமை அதே மருந்தை விழுங்கியவளுக்குத்தான் உண்டு. அந்த வார்த்தையை டாக்டர் சொன்னால் உத்தரவு. அவள் சொன்னால் தைரியம்.

பிற இடங்களில் செய்தது

இது வெறும் மனோராஜ்யமன்று. 1947-ம் வருஷம் இங்கிலாந்தில் ஆர்தர் மெயின்வேரிங் போவன் என்பவர், முதுகெலும்பை இறுக்கும் வாத நோயால் தாமே பாதிக்கப்பட்டவர், தம்மைப் போன்றவர்களைக் கூட்டி ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். அது வளர்ந்து, சுமார் எழுபது வருஷம் தனித்து நடந்து, பின்னர் வேறொரு பெரிய ஸ்தாபனத்துடன் இணைந்து இன்றும் நடைபெறுகிறது. 2001-ல் முடக்குவாத நோயாளிகளுக்கென்றே அங்கே தனிச் சங்கம் கண்டவர் எய்ல்ஸா பாஸ்வர்த் என்ற அம்மையார். அவரும் அந்த வியாதியுடையவரே.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த கேட் லோரிக் என்ற நர்ஸ் அம்மையார் 1970-களின் இறுதியில் ஒரு பரீட்சை செய்தார். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஆறு வாரம் மூட்டு வியாதிக்காரர்களைக் கூட்டினார். பாடம் சொன்னவர்கள் டாக்டர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள்; அவர்களில் பலர் தாமே மூட்டு வியாதியுடையவர்கள். வந்தவர்களுக்கு வலி குறைந்தது. ஏன் குறைந்தது என்று ஆராய்ந்தபோது விசேஷமான ஒரு விஷயம் வெளியாயிற்று. தேகப்பயிற்சியைக் கற்றதும், வியாதியைப் பற்றி அறிந்ததுமே காரணம் என்று முதலில் எண்ணியிருந்தார்கள். அதைவிட முக்கியமான காரணம், "இதை நான் சமாளிக்க முடியும்" என்று அவர்களிடம் பிறந்த நம்பிக்கையே என்று தெரிந்தது. அந்த நம்பிக்கை மருந்துக் கடையில் கிடைப்பதன்று. சமாளித்துக்கொண்டிருக்கும் இன்னொருவரைக் கண்ணால் காண்பதனால் பிறப்பது.

வெளிநாட்டை விட்டு நமது நாட்டுக்கு வருவோம். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தென்காசியை அடுத்த தம் சொந்தக் கிராமமாகிய ஆய்க்குடியில் 1981-ல் அமர்சேவா சங்கத்தை ஆரம்பித்தார். தசைச்சிதைவு நோயுடைய எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் சேர்ந்தார். சிறிய அளவில் தொடங்கிய அந்தச் சங்கம் இன்று எண்ணற்ற கிராமங்களுக்குத் தொண்டு செய்கிறது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நமக்கு இன்னும் அருகில், சேலத்தில், தசைச்சிதைவு நோயால் நடை இழந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவர் ஆதவ் அறக்கட்டளையை அமைத்துத் தங்களைப் போன்ற நோயாளிகளை ஒன்று சேர்த்தார்கள். வானவன் மாதேவி 2017-ல் மறைந்தார். அவர் மூட்டிய தீபம் மறையவில்லை. இவர்கள் வேறொருவர் வந்து உதவட்டும் என்று காத்திருந்தவர்கள் அல்லர். வியாதி உள்ளவரே வியாதி உள்ளவருக்கு முதல் உதவி என்பதை நடத்திக் காட்டியவர்கள்.

மூன்று ஆட்சேபங்கள்

இந்த யோசனைக்கு ஆட்சேபங்கள் எழும் என்பதை நாம் அறிவோம்.

முதலாவது: "நோயாளிகள் கூடினால் அழுகை கூடும், வந்தவள் இன்னும் தைரியமிழந்து போவாள்" என்பது. இதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டோம். வியாதி புதிதாகக் கண்ட ஓர் இளம்பெண், விரல் முற்றிலும் கோணிய ஒரு மூதாட்டியைக் கண்டால் திடுக்கிடக்கூடும். ஆனால் அந்த மூதாட்டி, "எனக்கு இருபது வருஷம் யாரும் சொல்லவில்லை, உனக்கு இப்போதே தெரிந்துவிட்டது, நீ என்னைப்போல் ஆகவேண்டியதில்லை" என்று சொல்லுவாளாயின், அதைவிட நல்ல பாடம் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும்? அழுகையையும் நாம் வெறுக்க வேண்டியதில்லை. அடுப்படியில் புகையைச் சாக்கிட்டு அழுகிறவள், காரணம் அறிந்தவர்கள் முன்னிலையில் ஒரு முறை அழுதால் மனம் இலேசாகும்.

இரண்டாவது: "அறியாதவர் அறியாதவருக்கு வைத்தியம் சொல்லுவார்கள், இருக்கிற சிகிச்சையும் கெடும்" என்பது. இது கனமான ஆட்சேபம். "முடக்கறுத்தான் தோசை தின்று எனக்குச் சரியாயிற்று, மாத்திரையைத் தூக்கி எறி" என்று ஒருவர் சொல்ல, நால்வர் கேட்டு நடந்தால் சங்கமே விபரீதமாகும். முடக்கறுத்தான் நல்ல கீரை; தாராளமாகத் தின்னட்டும். ஆனால் அது மருந்துக்குப் பதிலாகாது. ஆகவே சங்கத்துக்குக் கண்டிப்பான விதி வேண்டும். அவரவர் அநுபவத்தைச் சொல்லலாம். பிறருடைய மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ யாரும் சொல்லலாகாது. எந்த மருந்தும், எண்ணெயும், சூரணமும் சங்கத்தில் விற்கலாகாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் டாக்டர் ஒருவரை வரவழைத்து, கூடிய சந்தேகங்களையெல்லாம் அவரிடம் வைத்துத் தெளிந்துகொள்ளவேண்டும்.

மூன்றாவது: "நம் பக்கத்துப் பெண்கள் இதற்கெல்லாம் வரமாட்டார்கள்" என்பது. இது பெண்களைப் பற்றிய ஆட்சேபமன்று; புருஷர்களைப் பற்றியது. 1989-ல் பக்கத்துத் தர்மபுரி ஜில்லாவில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோதும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இன்று குழு இல்லாத கிராமம் உண்டா? பணத்துக்காக வாரந்தோறும் கூடி, கணக்கு எழுதி, பாங்கிக்குச் செல்லக் கற்றுக்கொண்ட ஸ்திரீகள், உடம்புக்காகக் கூடமாட்டார்களா? நாம் வழி மறிக்காமல் இருந்தால் வருவார்கள். வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டால் சந்தோஷமாகவே வருவார்கள்.

செய்ய வேண்டியது

வெள்ளகோவிலில் இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூட அறையோ, கலியாண மண்டபத்துத் தாழ்வாரமோ போதும். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி வேண்டும். கூட்டம் பதினொரு மணிக்குத் தொடங்க வேண்டும். விடியற்காலை இறுக்கம் தளர்ந்த பிறகே அவர்களால் வர இயலும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பத்தில் போதுமானவை. வர முடியாத அளவுக்கு வலி கண்ட நாளில், அவரைச் சங்கத்தார் டெலிபோனில் அழைத்து விசாரிக்க வேண்டும். ஒருவர் சொன்னது அந்த அறையைத் தாண்டி வெளியே போகலாகாது என்பது எல்லாவற்றுக்கும் மேலான விதி. இந்த விதி கெட்டால் மறுநாளே சங்கம் கெட்டது.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வியாதி ஜாதி பார்த்து வருவதில்லை. தோட்டக்காரர் வீட்டிலும் வரும், அந்தத் தோட்டத்தில் வேலை செய்பவர் காலனியிலும் வரும். தறி முதலாளியின் மனைவிக்கும் வரும், தார் சுற்றும் கூலிப் பெண்ணுக்கும் வரும். எல்லோரும் ஒரே வரிசையில் நாற்காலி போட்டு உட்காரத் தயாரில்லை என்றால், அந்தச் சங்கத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல். வலிக்கும் கையை வலிக்கும் கை அறியாவிட்டால், வேறு எது அறியும்?

சங்கம் என்ன செய்யும்? முதலில், ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போகும். திருப்பூர், கரூர், பெருந்துறை, கோயம்புத்தூர் ஆகிய நான்கு இடங்களிலும் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. தனியே போகப் பயந்து தள்ளிப்போடுகிறவர், நான்கு பேரோடு பஸ் ஏறுவார். இரண்டாவதாக, ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்து, இறுக்கம் எத்தனை நேரம், வீக்கம் எந்த மூட்டில், மருந்து எந்தக் கிழமை என்று குறித்து வரச் செய்யும். அந்த ஐந்து நிமிஷ டாக்டர் சந்திப்பு இதனால் பதினைந்து நிமிஷப் பயன் தரும். மூன்றாவதாக, பால் கறப்பதிலும் பாத்திரம் தூக்குவதிலும் மூட்டுக்குச் சிரமம் குறைக்கும் உபாயங்களை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும். குடத்தை விரலால் தொங்கவிடாமல் இரு கையால் அணைத்துத் தூக்குவது, கத்திப் பிடிக்குத் துணி சுற்றிப் பருமனாக்குவது போன்றவை சிறிய காரியங்கள். அவற்றால் நாளெல்லாம் மிச்சமாகும் வலி சிறியதன்று. பீடி சிகரெட்டுப் பிடிக்கும் ஆண் அங்கத்தினருக்கு, புகையிலைப் புகை இந்த வியாதியை மூட்டவும் முற்றச் செய்யவும் வல்லது என்பதையும் சொல்லித் தடுக்கும்.

நான்காவதாக, உரிமைகளைக் கேட்கும். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடக்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்க ஏற்பாடு உண்டு. தமக்கு அது பொருந்தும் என்பதை அறிந்து கேட்பவர் எத்தனை பேர்? 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைக் குறிப்பிடுகிறது. முடக்குவாதம் அந்தப் பட்டியலில் தனிப் பெயராக இல்லை. ஆனால் மூட்டுச் சிதைந்து இயக்கம் குன்றியவர் இயக்கக் குறைபாட்டின் கீழ்ச் சோதிக்கப்படலாம். 40 சதவிகிதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் சலுகைகளுக்குத் தகுதி உண்டு. சான்று கேட்டுத் தனியே அலைகிற முடமான கைக்கும், சங்கமாகச் சென்று கேட்கிற நூறு கைகளுக்கும் உள்ள வேற்றுமையைக் கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பத்தியைப் படிக்கும் தேசத்தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் ஜனங்களின் கஷ்டத்தை மேடையில் பேசிவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறவர்கள். நமக்குச் சோறு போட்டவள் எந்தக் கையால் போட்டாள் என்று பார்த்திருக்கிறோமா? கரண்டியை இரண்டு கையாலும் பிடித்தாளா? வளையல் ஏறாமல் கழற்றி வைத்துவிட்டாளா? கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கப் பிள்ளையைக் கூப்பிட்டாளா? இவற்றைக் கவனிப்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை. சர்க்கார் உத்தரவும் வேண்டியதில்லை. கவனித்தவர் மறுநாள் அவளை டாக்டரிடம் அழைத்துச் செல்லட்டும். டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்னதும், அதே பெயரைச் சுமக்கும் இன்னொருத்தியைத் தேடி அழைத்து வந்து அறிமுகம் செய்யட்டும். இருவர் சேர்ந்தால் சங்கம் தொடங்கியாயிற்று. பெயர்ப்பலகையும் ரசீதுப் புஸ்தகமும் பிறகு வரட்டும்.

வருஷந்தோறும் அக்டோபர் 12-ந் தேதியை உலக மூட்டுவாத தினமாக அநுஷ்டிக்கிறார்கள். வரும் அக்டோபரில் வெள்ளகோவிலில் பத்துப் பேராவது ஓரிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உனக்குக் காலையில் எத்தனை மணிக்குக் கை விடுகிறது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாயின், "எனக்கு மட்டுந்தான்" என்ற சொல் அன்றோடு அந்த ஊரில் ஒழியும்.